ஒரு லிட்டர் பெட்ரோல் போகும் வழி

மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து திருச்சி வழியாக மதுரை வரைக்கும் நிலத்துக்கு அடியில் ஒரு குழாய் வருகிறது. நீளம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வயலுக்கும் கண்மாய்க்கும் கீழே, பெட்ரோலும் டீசலும் ஒன்றன்பின் ஒன்றாக அதே குழாயில் தெற்கே பாய்கின்றன. அதற்கு முன்பே அந்த எண்ணெய் கடல் தாண்டி வந்தாயிற்று. இந்தியாவுக்குத் தேவைப்படும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். கிடங்குகளில் எத்தனாலும் அதோடு சேர்கிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து காய்ச்சி எடுத்தது. 2025இல் நாட்டின் பங்க்குகள் பெரும்பாலும் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மாறிவிட்டன. கடைசியில் டேங்கர் லாரி திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைகிறது.

அந்த லாரியில் வந்த ஒரே ஒரு லிட்டரைப் பின்தொடர்ந்து போகலாம். ஹைபிரிட் கார் வாங்கலாமா, பெட்ரோல் காரே போதுமா என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் இப்போது கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எழுகிறது. "மைலேஜ் என்ன கொடுக்குது அண்ணாச்சி?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மைலேஜ் என்பது முடிவில் வரும் ஒரு எண். அந்த எண் ஏன் ஒருவருக்கு இருபத்து நான்காகவும் இன்னொருவருக்குப் பதினேழாகவும் வருகிறது என்று தெரிய வேண்டுமானால் லிட்டரோடு கூடவே பயணம் செய்ய வேண்டும்.

பயணத்தை மடவார் வளாகத்திலிருந்து தொடங்குகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு ராஜபாளையம் போகும் வழியில், வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கும் இடம். ஏழைக் கர்ப்பிணி ஒருத்திக்கு ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்த தலம் என்று கோயில் கதை சொல்கிறது. திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலி இங்கேதான் தீர்ந்தது என்பதும் அந்தக் கதைகளில் ஒன்று. மதுரையையும் இந்த ஊரையும் இணைக்கும் சாலையில் அவர் நகரா மண்டபங்கள் கட்டினார், இங்கே பூஜை முடிந்த செய்தி முரசொலியாக மண்டபத்துக்கு மண்டபம் தாவி மதுரைக்குப் போகும், அதன் பிறகே அவர் உணவில் கை வைப்பார் என்பார்கள். அந்தப் பழைய தடத்தில்தான் இன்றைய கொல்லம் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஒரு காருக்கு என்னென்ன சோதனை வைக்க முடியுமோ அத்தனையும் இந்தச் சாலையில் உண்டு. வடக்கே மதுரை வரை எழுபத்தைந்து கிலோமீட்டர் திறந்த ஓட்டம், தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையத்து நெரிசல், அதையும் தாண்டினால் செங்கோட்டை, ஆரியங்காவு மலைப்பாதை.

ஒப்பிட்டுப் பார்க்கவும் நல்ல ஜோடி ஒன்று கிடைத்திருக்கிறது. மாருதியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர் ஆகிய இரண்டும் 2022இல் பெங்களூரை அடுத்த பிடதி ஆலையில் பிறந்த உடன்பிறப்புகள். ஒரே உடம்பு, ஒரே இருக்கை, உள்ளே மட்டும் இரண்டு வகை இன்ஜின். ஒன்று நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல். மற்றது மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த முழு ஹைபிரிட். ஆய்வகச் சோதனையில் ஹைபிரிட்டுக்குக் கிடைத்த மைலேஜ் 27.97, பெட்ரோல் மேனுவலுக்கு 21.11. இந்த எண்கள் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போடாமல் எடுத்தவை. சாலை வேறு.

நம் லிட்டர் முதலில் பெட்ரோல் காருக்குள் இறங்கட்டும்.

எத்தனால் கலந்த அந்த லிட்டருக்குள் ஏறக்குறைய 30 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அதில் முக்கால் பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. ரேடியேட்டர் வழியாகக் கொஞ்சம், புகைக்குழாய் வழியாகக் கொஞ்சம். சக்கரத்துக்குப் போவது கால் பங்கு. மடவார் வளாகம் தாண்டி வலப்பக்கம் மலைத்தொடர் கூடவே வர, தென்னந்தோப்புகளுக்கு நடுவே அறுபதில் சீராக ஓடும் வரைக்கும் அந்தக் கால் பங்கும் ஒழுங்காகவே செலவாகிறது. காற்றைத் தள்ளவும் டயர் உருளவும் போகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பஞ்சு மார்க்கெட்டில் ஆரம்பமாகிறது. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மில் லாரியும் இருசக்கர வண்டிகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும் சாலை அது. அங்கிருந்து காந்தி சிலை ரவுண்டானா, சங்கரன்கோவில் முக்கு என்று தென்காசி ரோட்டைக் கடந்து முடிப்பதற்குள் எத்தனை முறை பிரேக் மிதிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால், அந்த வேகத்தைத் தொட அது செலவழித்திருந்த பெட்ரோல் சுமார் 13 மில்லி. 60 கிலோமீட்டரிலிருந்து நின்றால் 30 மில்லி. அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுவதை நினைத்துக்கொள்ளலாம். வடம் பிடித்தவர்கள் அத்தனை பேரின் உழைப்பும் அந்தக் கட்டைத் தேய்வில் முடிகிறது, மறுபடியும் முதலிலிருந்து இழுக்க வேண்டும். கணக்குப் போட்டால் அறுபதிலிருந்து முப்பத்து மூன்று தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் முழுதாகப் பிரேக்குக்கே படையல்.

இதற்கு மேல், நிற்கிற நேரத்துச் செலவு. ஏ.சி. ஓட, இன்ஜின் ஓட, வண்டி மட்டும் ஓடாமல் நிற்கிற ஒரு மணி நேரத்துக்கு இந்த அளவுள்ள இன்ஜின் ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். சித்திரை வெயிலில் ஏ.சி.யை நிறுத்து என்று குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வண்டியில் சொல்ல முடியாது.

அதே லிட்டர் ஹைபிரிட்டுக்குள் இறங்கினால் வேறு விதமாக நடத்தப்படுகிறது. இன்ஜின் எரிக்கிற முறையே மாறுகிறது. அட்கின்சன் சுழற்சி என்று பெயர். உறிஞ்சிய காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெடித்த வாயுவை நீளமாக விரியவிட்டு அதிக வேலை வாங்கும் முறை. நல்ல நிலையில் நூற்றுக்கு நாற்பது பங்கை நெருங்கி வேலையாக மாற்றுகிறது. அப்படிப்பட்ட இன்ஜினுக்குக் கீழ் வேகத்தில் இழுவை குறைவு. அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது. நின்ற இடத்திலிருந்து கிளப்புவது மோட்டாரின் வேலை, ஓடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு போவது இன்ஜினின் வேலை. இரண்டையும் பிணைப்பது கிரகப் பற்சக்கரத் தொகுதி ஒன்று. கிளட்ச் பிளேட் இல்லை. தனியாக டைனமோ இல்லை, செல்ஃப் மோட்டாரும் இல்லை. உள்ளே இருக்கும் மின்மோட்டார்களே அந்த வேலைகளையும் பார்த்துக்கொள்கின்றன. சிக்கலான வண்டி என்று பயப்படுகிறவர்களுக்கு இதை முதலில் சொல்வேன். நம் மெக்கானிக்குகள் அடிக்கடி கழற்றி மாட்டுகிற பல பாகங்கள் இதில் கிடையவே கிடையாது.

பஞ்சு மார்க்கெட் வந்ததும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஏ.சி. கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் நிற்பதில்லை. பிரேக் மிதிக்கும்போது மோட்டார் திரும்பி ஜெனரேட்டராகி வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும் இழப்பு உண்டு. பாதி திரும்பக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், பெட்ரோல் கார் முழுதாகத் தூக்கிப் போட்டதில் பாதி இது. தென்காசி ரோட்டைக் கடந்து முடிப்பதற்குள் நம் லிட்டரின் ஒரு பகுதி இரண்டு மூன்று முறை செலவாகி, இரண்டு மூன்று முறை திரும்பி வந்திருக்கும். ஹைபிரிட்டின் மர்மம் என்று ஏதும் இருந்தால் அது இவ்வளவுதான். ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட அது உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து மின்சாரமும் வாங்குவதில்லை. சாலை நம்மிடமிருந்து பிடுங்குவதில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கிறது.

ஆகவே சாலை எதையும் பிடுங்காத இடத்தில் அதற்குத் திருப்பிக் கேட்கவும் ஒன்றுமில்லை. மதுரைக்குப் போகும் நீண்ட ஓட்டத்தில் தொண்ணூறிலும் நூறிலும் சீராகப் போனால் லிட்டரைத் தின்பது காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மோட்டாருக்கு அங்கே வேலை குறைவு, பேட்டரி சும்மா எடையாகக் கூட வருகிறது. இன்ஜின் சிக்கனமானது என்பதால் அப்போதும் ஹைபிரிட் முந்தும். ஆனால் ஊருக்குள் இருந்த பெரிய வித்தியாசம் சுருங்கிவிடும். டீசல் காரில் பழகியவர்கள் "ஹைவேயில் ஒண்ணும் பெரிசா தெரியலையே" என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

மலையிறக்கத்தைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. இறங்குகிற வழியெல்லாம் பேட்டரி ஏறிக்கொண்டே இருக்கும், கீழே வந்தால் ஊர் வரைக்கும் சும்மாவே போகலாம் என்று. இந்த வண்டியின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். ஆயுள் நீடிக்க வேண்டும் என்பதற்காக அதிலும் நடுவில் ஒரு பகுதியைத்தான் கணினி பயன்படுத்த விடுகிறது. 1,600 கிலோ கார் நூறு மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றலே 0.44 யூனிட். ஆரியங்காவிலோ குமுளியிலோ முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதன் பிறகு இன்ஜினைக் கொண்டுதான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். கியர் கம்பியில் 'B' என்று ஓர் இடம் இருப்பது அதற்காக. சபரிமலைக்கு மாலை போட்டு இந்த வண்டியில் முதன்முறையாகப் போகிறவர்கள் கிளம்புமுன் அந்த இடத்தைப் பழகிக்கொள்வது நல்லது.

இந்த ஏற்பாடு ஜப்பான்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். 1900இல் வியன்னாவில் லோனர் என்ற வண்டித் தயாரிப்பாளரிடம் வேலை பார்த்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, சக்கரத்துக்குள்ளேயே மின்மோட்டார் வைத்து, அதற்கு மின்சாரம் தரப் பெட்ரோல் இன்ஜினைப் பூட்டிய ஒரு காரைச் செய்துவிட்டார். அடுத்த ஆண்டே அதன் விற்பனை வடிவமும் வந்தது. பெட்ரோல் மலிந்தது, ஃபோர்டின் வண்டி மலிந்தது, கைப்பிடி சுற்றாமலே இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் 1912இல் வந்தது. இன்ஜினையும் மின்மோட்டாரையும் சேர்த்துக் கட்ட யாருக்கும் தேவை இருக்கவில்லை.

பெட்ரோல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் தென்மாவட்டங்கள் அதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டன. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் கரிவாயுக் கலம் தயாரித்து விற்றது. அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்கள் ஓடின. கிளம்புமுன் கரி மூட்ட வேண்டும், இழுவை குறைவு, சாம்பல் அள்ள வேண்டும். போர் முடிந்ததும் யாரும் அதைத் தொடவில்லை. எரிபொருளின் அருமை அது கிடைக்காத காலத்தில் மட்டும் நினைவுக்கு வருவது அன்றைக்குத் தொடங்கிய வழக்கம் போலிருக்கிறது.

டொயோட்டா 1993இல் அடுத்த நூற்றாண்டுக்கான கார் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் தாகேஷி உச்சியமடா. மைலேஜை ஒன்றரை மடங்காக்கினால் போதும் என்று நினைத்திருந்தவர்களை, இரண்டு மடங்கு வேண்டும் என்று மேலிடம் நெருக்கியது. வெறும் பெட்ரோல் இன்ஜினால் அது ஆகாது என்று தெரிந்துதான் ஹைபிரிட்டுக்குப் போனார்கள். 1995 கடைசியில் செய்த மாதிரி வண்டி 49 நாள் நகரவே இல்லை. நகர்ந்த அன்றும் சில நூறு மீட்டரில் நின்றுவிட்டது. இரண்டே ஆண்டில், 1997 டிசம்பரில், அதே குழு பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017 ஜனவரிக்குள் அந்த நிறுவனம் உலகம் முழுக்க விற்ற ஹைபிரிட்டுகள் ஒரு கோடியைத் தாண்டின. ஹைபிரிட் நிலைக்குமா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்க்கலாம். கால் நூற்றாண்டுக்கு மேல் டாக்ஸியாகவும் குடும்பக் காராகவும் ஓடித் தேறிய பொருள் இது.

இந்தியாவுக்கு அது வந்த வழி நேர்வழியாக இல்லை. 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டை முழு வண்டியாகக் கப்பலில் கொண்டுவந்து இருபத்தொரு லட்சத்துக்கு மேல் விலை வைத்தது. வாங்க ஆளில்லாமல் அந்த ஆண்டுக் கடைசியிலேயே எட்டு லட்சம் அளவு குறைத்து விற்றது. 2010இல் பிரியஸ் இருபத்தாறு லட்சத்துக்கு மேல் விலையோடு வந்தது. சுங்கவரி கட்டி வந்த அந்த வண்டிகள் பெருநகரத்துச் செல்வந்தர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. 2015இல் மத்திய அரசின் ஃபேம் மானியம் தொடங்கியபோது மாருதியின் சியாஸ் டீசலுக்கும் அது கிடைத்தது. அதில் இருந்தது பெல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார், வண்டியைத் தனியாக ஓர் அடிகூட நகர்த்தாது. 2017 ஏப்ரலில் அந்த வகைக்கு மானியம் நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. முழு ஹைபிரிட்டுகளையும் சேர்த்து 28 சதவீதமும் அதற்கு மேல் 15 சதவீதக் கூடுதல் வரியும் போட்டது. 2022இல் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வடிவமும், ஹைரைடரும், கிராண்ட் விட்டாராவும், ஆண்டுக் கடைசியில் இன்னோவா ஹைகிராஸும் உள்நாட்டிலேயே உருவாகி வந்த பிறகுதான் விருதுநகர் மாவட்டத்துச் சாலைகளில் இந்த வண்டிகள் சகஜமாயின.

2025 செப்டம்பர் 22 முதல் வரி மாறியது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. நம் ஹைபிரிட்டுகள் எல்லாம் நீளமானவை, 40இல் விழுகின்றன. மின்சாரக் காருக்கு 5. உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் முழு ஹைபிரிட்டுகளுக்குப் பதிவு வரியை நீக்கியது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி கூட்டியபின் பத்திலிருந்து இருபது லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20. ஹைபிரிட்டானாலும் பெட்ரோலானாலும் விலையைப் பார்த்துத்தான் வரி, குடிக்கிற எண்ணெயைப் பார்த்து இல்லை. இது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஊருக்குள் ஓடும்போது கணிசமான பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வண்டி, டாலர் கொடுத்து வாங்குகிற எண்ணெயைத்தானே மிச்சம் பிடிக்கிறது? வரியில் அதற்கு ஒரு படியாவது கீழே இடம் கொடுத்திருக்கலாம்.

வரி மாறும் வரை நாம் காத்திருக்க முடியாது, ஆகவே கைக்கணக்குக்கு வருவோம். அண்மை ஆண்டுகளின் விலைப்பட்டியலில் ஒரே வசதிகளுள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைவிட ஹைபிரிட் இரண்டரை லட்சம் அளவு கூடுதல். சாலை வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்தால் மூன்று லட்சம். மேனுவலோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. பெட்ரோல் லிட்டர் கணக்குக்கு நூறு ரூபாய். ஊரும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோல் காருக்குப் பதினான்கு, ஹைபிரிட்டுக்கு இருபத்தொன்று என்று மைலேஜ் வைத்துக்கொள்கிறேன். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் பதினான்கு காசு, ஹைபிரிட்டுக்கு நான்கு ரூபாய் எழுபத்தாறு காசு. மிச்சம் இரண்டு ரூபாய் முப்பத்தெட்டு காசு. கூடுதலாகக் கொடுத்த மூன்று லட்சம் திரும்பி வர ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும்.

மடவார் வளாகத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் ஓட்டம் எவ்வளவு? மதுரையில் ஆஸ்பத்திரி, முகூர்த்த நாட்களில் கல்யாணம், சாரல் விழுந்தால் குற்றாலம், கார்த்திகையில் மலைக்கு ஒரு பயணம், மற்றபடி ராஜபாளையம் போய் வருவது. தாராளமாகப் போட்டாலும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர். பத்து வருஷம் தாண்டித்தான் முதல் திரும்பும். அதற்குள் வண்டியை மாற்றிவிடுவார்கள். அவர்களுக்குப் பெட்ரோல் கார்தான் சரி என்று தயங்காமல் சொல்வேன். இன்னும் ஒரு படி மேலே போய், நான்கு பேருள்ள வீட்டுக்கு எதற்கு இத்தனை பெரிய வண்டி என்றும் கேட்பேன். 2024இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு ஆய்வக மைலேஜ் மேனுவலில் 24.8. மோட்டாரும் பெரிய பேட்டரியும் இல்லாமலே, எடை குறைவாகவும் இன்ஜின் சின்னதாகவும் இருப்பதால் கிடைத்த சிக்கனம் அது. விலையோ பாதியை ஒட்டி. எடை குறைந்த வண்டி பிரேக் மிதிக்கும்போது வீணாக்குவதும் குறைவு. இந்த எளிய உண்மையை எந்த விளம்பரமும் நமக்குச் சொல்வதில்லை.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து விற்கிறவர், பஞ்சு வாங்கவும் நூல் கொடுக்கவும் சிவகாசி, விருதுநகர், மதுரை என்று தினமும் அலைகிறவர், பெரிய வண்டியை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர் ஆகியோரின் கணக்கு வேறு. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் நான்கு வருஷம் சொச்சத்தில் மூன்று லட்சம் திரும்பிவிடும். அதன் பிறகு ஓடுவதெல்லாம் மிச்சம். அந்தக் கிலோமீட்டர்களில் பெரும்பகுதி ஊர்களுக்குள் என்றால் இன்னும் சீக்கிரம். ஏழு பேர் போகும் இன்னோவா ஹைகிராஸின் ஆய்வக மைலேஜ் 23.24. அந்த அளவுள்ள வண்டிக்குப் பெட்ரோலில் இப்படி ஓர் எண் வர ஹைபிரிட்டை விட்டால் வழியில்லை. எடை கூடக் கூட, நின்று நின்று போவது கூடக் கூட, ஹைபிரிட்டின் பக்கம் தராசு தாழ்கிறது.

பணத்தைத் தாண்டிய கணக்கும் ஒன்று உண்டு, அதைக் கடலுக்கு அப்பால் நம் உறவுகள் படித்துவிட்டார்கள். இலங்கையில் ஜப்பானில் ஓடித் தேறிய பழைய ஹைபிரிட்டுகள் பல வருஷங்களாகவே இறக்குமதியாகின. பிரியஸும் ஆக்வாவும் வெசலும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் சாதாரண வண்டிகள். 2022 ஜூன் கடைசியில் அந்த நாட்டில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்றவர்களுக்குப் பெட்ரோல் விற்பதே நின்றது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது ஒரு காருக்கு வாரம் இருபது லிட்டர். லிட்டருக்கு இருபது ஓடும் ஹைபிரிட்டில் அது நானூறு கிலோமீட்டர், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை ஒரு வழிப் பயணத்துக்குச் சரியாக வரும். லிட்டருக்குப் பன்னிரண்டு ஓடும் பழைய பெட்ரோல் கார் தம்புள்ளையைத் தொடுவதற்குள் நின்றுவிடும். பெட்ரோலுக்கு விலை மட்டுமே இருந்த வரை அவர்களும் நம்மைப் போல எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்று பார்த்தவர்கள்தான். அளவு என்று ஒன்று வந்தபின் ஒவ்வொரு லிட்டரும் எத்தனை தூரம் என்பதே கணக்கானது. எண்பத்தைந்து பங்கு எண்ணெயை வெளியே வாங்குகிற நாடு இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

பேட்டரிக்கு வயதானால் என்ன ஆகும் என்பதும் அங்கே பழகிப்போன கேள்வி. பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பேட்டரியின் நிலையைத்தான். இங்கே புது வண்டிக்கு டொயோட்டா எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. முதல் உரிமையாளருக்கு அது போதும். நான்கு ஐந்து வருஷம் கழித்து இரண்டாம் கையாக வாங்குகிறவர் மீதி உத்தரவாதத்தையும் சர்வீஸ் பதிவையும் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

எங்கள் ஊர் நிலைமைக்கென்று சில விஷயங்கள் உண்டு. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பயணிகள் பகுதியிலிருந்தே இழுக்கப்படுகிறது. அந்தத் துளையைப் பை, துணி, பால்கோவா டப்பா எதுவும் அடைக்கக் கூடாது. தூசும் நாய் முடியும் அதன் வலையில் சேரும். ராஜபாளையம் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் சர்வீஸின்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். டிக்கி சின்னது. பெட்ரோல் வகையில் 373 லிட்டர் இடம், ஹைபிரிட்டில் பேட்டரி போக 265. மாம்பழக் காலத்தில் தோப்புக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தோப்பு வீட்டில் நிறுத்தினால் எலித் தொல்லை எந்தக் காருக்கும் உண்டு, ஆனால் ஹைபிரிட்டில் ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கம்பிகளும் இருக்கின்றன. அவற்றைத் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் தொடவே கூடாது, பயிற்சி பெற்றவர் கைதான் படலாம். பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் வெளிநாடு போகிற பெற்றோர் வீட்டில் வண்டி சும்மா நின்றால், பெரிய பேட்டரி தாக்குப்பிடித்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். அது இறங்கினால் வண்டியின் கணினி விழிக்காது. வாரம் ஒருமுறை யாராவது கொஞ்ச நேரம் 'ரெடி' நிலையில் வைத்திருக்க வேண்டும். பிரேக் பேட் நீடித்து உழைப்பதும், மேனுவலோடு ஒப்பிட்டால் நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சில் நின்று இடது கால் மரத்துப்போகும் வேதனை இல்லாததும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய வரவுகள். முழங்கால் வலியுள்ளவர்களுக்குப் பின்னது மூன்று லட்சத்துக்கும் மேல்.

கடைசியாக, டெஸ்ட் டிரைவ். ஷோரூமில் சாதாரணமாகத் திறந்த சாலையில் ஒரு சுற்று ஓட்டக் கொடுப்பார்கள். பிக்கப் தெரியும், லிட்டர் எங்கே போகிறது என்று தெரியாது. மாலை ஆறு மணிக்கு வண்டியைக் கேளுங்கள். வீட்டு ஆட்கள் நான்கு பேரையும் ஏற்றி, ஏ.சி. போட்டு, மைலேஜ் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, பஞ்சு மார்க்கெட்டிலிருந்து சங்கரன்கோவில் முக்கு வரை போய்த் திரும்புங்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில், அதே ஆட்களோடு, பெட்ரோல் வகையில் அதே தூரம். பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஹைபிரிட் என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நெரிசலில் இன்ஜின் அணைந்து, வண்டி மின்சாரத்திலேயே நகர்கிறதா என்று பாருங்கள், நகரவில்லையென்றால் அது பெல்ட் மோட்டார் வகைதான். இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, உங்கள் பழைய வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதில் எத்தனை ஊருக்குள், எத்தனை மதுரை ரோட்டில் என்று தோராயமாகப் பிரித்து, மேலே போட்ட கணக்கில் என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.